அத்தை: பளபளப்பு பூஜ்யம்

அத்தியாயம் 17

போன வாரம் பெரியவன் போனில் பேசி முடித்ததும் அந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலைக்குப் போனார்களே, இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்கள். ஒரு வாரம் ஓடியது நமக்குத்தான். அவர்களுக்கு ஒரே ஒரு இரவுதான் கழிந்திருக்கிறது.

போன அத்தியாயங்களைப் படிக்காதவர்களுக்காக நாலே வரி. அத்தைக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம். ‘ஆறு வாரம் இருந்துட்டுப் போறேன்’ என்று சொல்லித்தான் சின்ன மகன் வீட்டுக்கு வந்தாள். ஆறு வாரம் பதினாறு வாரம் ஆகிவிட்டது. இப்போது பெரியவன், “அம்மா, கீழ் ரூமை உனக்காகத் தயார் பண்ணிட்டேன். மாடி ஏற வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போகட்டுமா? போனா அங்கேயே இருந்துடணும்” என்று கேட்டிருக்கிறான். “நாளைக்குச் சொல்றேன்” என்று அத்தை போனை வைத்துவிட்டாள்.

அந்த நாளைக்குத்தான் இன்றைக்கு. வெள்ளிக்கிழமை.

காலை ஏழரை மணி. சமையலறையில் சின்னவனும் அவன் மனைவியும் குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களையெல்லாம் பயமில்லாமல் ஏறி இறங்குகிறவன். அடுத்த அறையில் இருக்கும் அம்மாவிடம் ‘போறீங்களா, இருக்கீங்களா’ என்று ஒரு கேள்வி கேட்க மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை.

“உங்க அம்மா. நீங்கதான் கேக்கணும்.”

“நான் கேட்டா, உன் பொண்டாட்டி என்ன சொல்றான்னு கேப்பாங்க.”

“நான் கேட்டா?”

“என் பையன் என்ன சொல்றான்னு கேப்பாங்க.”

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து போய் நிப்போம்.”

“சேர்ந்து போனா, என்னடா ரெண்டு பேரும் திட்டம் போட்டு வந்திருக்கீங்களான்னு கேப்பாங்க. எனக்கு எங்க அம்மாவைத் தெரியாதா?”

சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவன் நழுவிவிட்டான். லிஃப்ட் பழுதாகிக் காத்திருக்கிறவர்கள் அன்றைக்கு அவனுக்கு ரொம்ப உதவியாக இருந்தார்கள்.

அவன் மனைவி, சின்னவள், அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். அவளுக்கு அத்தை போகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம், அதில் சந்தேகமே இல்லை. காலையில் ரேடியோ செய்தியில் தப்பாகப் படிப்பவரை அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே திருத்துவது, பதினொரு மணிக்கு டம்ளரில் கரண்டியைத் தட்டி ‘டீ போடறியா, நான் போடட்டா’ என்று கேட்பது எல்லாம் நின்றுபோய்விட்டால் இந்த வீட்டில் பகல் முழுக்க அவளுடைய கம்ப்யூட்டர் மவுஸ் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஆனால் எப்படிச் சொல்வது? இது இரண்டு அறை வீடு. பெரியவன் வீட்டில் தோட்டம் இருக்கிறது. ‘இருங்க’ என்றால் கட்டிப் போடுகிற மாதிரி. சொல்லாமல் இருந்தால் அனுப்பிவைக்கிற மாதிரி. நாலு மாதமாக இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

எட்டரைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அவளுடைய வேலை பலருக்குப் புரியாது. அத்தைக்கே புரிய ஒரு மாதம் ஆயிற்று. கட்டப்போகிற இடத்தை முதலில் கம்ப்யூட்டரில் கட்டுவார்கள். சுவர், மேஜை, நாற்காலி எல்லாம் அளவு தப்பாமல் இருக்கும். ஆனால் எல்லாமே ஒரே சாம்பல் நிறம். அதைப் பார்த்தால் யாருக்கும் குடியேறத் தோன்றாது. அங்கேதான் சின்னவள் வருவாள். இது மரம், இது எஃகு, இது துணி, இது கல் என்று ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு மெட்டீரியலைப் போர்த்துவாள்.

போர்த்துவது என்றால் சும்மா படத்தை ஒட்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு அளவுகள் உண்டு. நிறம் எவ்வளவு, பளபளப்பு எவ்வளவு, சொரசொரப்பு எவ்வளவு, வெளிச்சம் பட்டால் திருப்பி அடிக்குமா, உள்ளே வாங்கிக்கொள்ளுமா. பளபளப்பு பத்து கூடினால் மரம் பிளாஸ்டிக் ஆகிவிடும். சொரசொரப்பு பத்து குறைந்தால் கல் சோப்புக்கட்டி ஆகிவிடும். படத்தைப் பார்க்கிறவர் போட்டோ என்று நம்பினால்தான் அவளுக்குச் சம்பளம்.

அவள் தனக்கென்று ஒரு மெட்டீரியல் சேமிப்பு வைத்திருந்தாள். பஸ் ஸீட், ஆஸ்பத்திரிக் கதவு, கீழ் வீட்டுக் கால்மிதி என்று எதைக் கண்டாலும் போனில் படம் பிடித்து, அளவுகளைத் தட்டிக் கொட்டிச் சேர்த்துக்கொள்வாள். கம்பெனிக்காரர்கள் வைக்கும் எண் பெயர்கள் அவள் மண்டையில் நிற்காது. அதனால் தெரிந்த மனிதர்களின் பெயரை வைத்துவிடுவாள். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி கிண்டல் வேறு. அவளைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியம்.

இந்த வாரம் ஒரு பல் டாக்டரின் க்ளினிக். நோயாளிகள் காத்திருக்கும் கூடம். படங்களை நேற்றே அனுப்பியாகிவிட்டது. மெட்டீரியல் பட்டியல் இன்று பதினொரு மணிக்குள் போக வேண்டும். எந்த இடத்துக்கு எது, எவ்வளவு, என்ன நிறம் என்று கடைக்காரருக்குப் புரிகிற மாதிரியான பட்டியல். அதைச் சாஃப்ட்வேரே எழுதிக் கொடுத்துவிடும். ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

அழுத்தினாள். நாலு பக்கம் பிரிண்டரிலிருந்து வந்தது. பார்க்காமலேயே எடுத்துப்போய் அத்தையிடம் கொடுத்தாள்.

இதுவும் வாராவாரம் நடப்பதுதான். அத்தை அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவள். இரண்டு மாதம் முன்பு ‘சும்மா இருக்கேன், குடு’ என்று ஒரு பட்டியலை வாங்கிப் பார்த்தவள், அறுநூறு என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறாயிரம் இருந்ததைப் பிடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அத்தையின் பென்சில் படாமல் எந்தப் பட்டியலும் வீட்டை விட்டுப் போனதில்லை.

ஆனால் புதன்கிழமை அந்தச் சாஃப்ட்வேர் யாரையும் கேட்காமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. பழையபடி கடைப் பெயர்களை எழுதாமல், சின்னவள் வைத்த பெயர்களை அப்படியே எடுத்து எழுதிவிட்டது. குறிப்போடு சேர்த்து.

அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துக்கொண்டு, வாய்க்குள் படிக்க ஆரம்பித்தாள்.

முதல் பக்கத்தில் ‘லிஃப்ட்காரர்’. வரவேற்பு மேஜையின் முன்பக்கம். எஃகு. பளபளப்பு 60. குறிப்பு: கைரேகை சீக்கிரம் படியும், துடைத்தால் போய்விடும்.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து வயதிலிருந்து ‘கையைக் கழுவுடா, கழுவுடா’ என்று கத்தியது அவள்தானே.

இரண்டாம் பக்கத்தில் ‘பெரியவர்’. அலமாரிக் கதவுகள். மரம் மாதிரி லேமினேட். பளபளப்பு 95. குறிப்பு: எங்கே வைத்தாலும் எடுப்பாக இருக்கும். கீறல் விழுந்தாலும் வெளியே தெரியாது.

இதற்கும் சிரித்தாள். மூத்த பிள்ளையை மூன்றாம் வகுப்பிலிருந்து எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். பொல்லாத பொண்ணு, சரியாத்தான் எழுதியிருக்கா என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள்.

மூன்றாம் பக்கத்தில் ‘அத்தை’. இடம்: தரை முழுவதும், கழிவறை உட்பட. நிறம்: மங்கிய பழுப்பு. பளபளப்பு 0. சொரசொரப்பு 85. குறிப்பு என்ற இடம் காலி.

அத்தை ஸ்கேலை நகர்த்தவில்லை. அந்த வரியையே திரும்பப் படித்தாள். அச்சகத்தில் கட்டுக்கட்டாகப் படித்தவளுக்கு ஒரு வரி படிக்க இவ்வளவு நேரம் ஆனதில்லை.

சின்னவனுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாள். பெரியவனுக்கு இரண்டு வரி. எனக்கு எழுத ஒன்றுமே இல்லையா? மங்கல், சொரசொரப்பு, எல்லாரும் மிதித்துக்கொண்டு போகிற தரை. இந்தப் பெண்ணுக்கும் நமக்கும் நன்றாகத்தானே போகிறது என்று நாமாக நினைத்துக்கொண்டிருந்தோமோ?

வேலையை மட்டும் விடவில்லை. அச்சகத்துப் பழக்கம் அப்படி. மீதியையும் படித்தாள். நாற்காலி இருபத்து நாலு இருக்க, துணி பதினாலு நாற்காலிக்குத்தான் கணக்குப் போட்டிருந்தது. அதைத் திருத்தினாள். இன்னும் இரண்டு இடத்தில் அளவு இடம் மாறியிருந்தது. திருத்தினாள். பிழை திருத்துகிறவர் எழுதியவரின் சொல்லில் கை வைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ‘அத்தை’ என்ற வரிக்கு நேராக, பென்சிலால் மெல்லிதாக, ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பட்டியலைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் மேஜை மேல் வைத்தாள். சின்னவள் காதில் ஹெட்போன் மாட்டி ஆபீஸ்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. அறைக்குப் போய், காலையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.

“நாளைக்கு வாடா. வர்றேன்.”

“சரிம்மா” என்றான் பெரியவன். யோசிக்காமல், மூச்சு விடாமல், உடனே சொன்னான்.

சின்னவள் பேசி முடித்தபோது மணி பத்தே முக்கால். பென்சில் விழுந்த இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்து எண்களை மாற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. டாக்டருக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் தாள்களை அடுக்கினாள். அப்போதுதான் அந்தக் கேள்விக்குறி கண்ணில் பட்டது.

என்ன இது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கணவன். பின்னால் மோட்டார் சத்தம்.

“என்ன நடந்துச்சு அங்க?”

“என்ன நடந்துச்சு?”

“அம்மா நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டாங்களாம். இப்பதான் அண்ணன் மெசேஜ் போட்டான். நீ ஏதாச்சும் சொன்னியா?”

“நான் ஒண்ணுமே சொல்லலீங்க.”

“அதான் தப்பா?” என்றான் அவன். ஏதோ விளையாட்டாகச் சொன்னதுதான். அதற்குள் யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டான்.

சின்னவள் அந்த வரியை மறுபடி பார்த்தாள். ‘அத்தை’. அப்புறம் மேலே போனாள். ‘பெரியவர்’. ‘லிஃப்ட்காரர்’. நாலு பக்கத்திலும் அவளுடைய குடும்பம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அதைப் பல் டாக்டருக்கும் அனுப்பியாகிவிட்டது. ஆனால் டாக்டரைப் பற்றி அவளுக்கு அந்த நிமிஷம் நினைப்பே இல்லை. அத்தையின் அறைக்கு ஓடினாள்.

அத்தை கட்டிலில் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓரமும் ஓரமும் சேருகிற மாதிரி, அச்சடித்த தாளை மடிக்கிற சுத்தம்.

“அத்தை, அந்தப் பட்டியல்ல...”

“மூணு தப்பு இருந்துச்சும்மா. திருத்திட்டேன்.”

“அது இல்ல அத்தை. அந்தக் கேள்விக்குறி...”

“நாலாவது தப்பா இல்லையான்னு எனக்குத் தெரியல. அதை எழுதினவங்கதான் சொல்லணும்.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எவ்வளவோ தேவலை. ஏதோ ஆபீஸில் மேலதிகாரி பேசுகிற மாதிரி இருந்தது. சின்னவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது அவள் கையில் இருந்த போன் அடித்தது. பல் டாக்டர்.

“அப்புறம் பேசிக்கிறேன்” என்று அணைக்கப் போனாள்.

“எடு. வேலை நேரம்” என்றாள் அத்தை.

அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள். டாக்டரம்மாவின் குரல் அறை முழுக்க நிறைந்தது.

“ஏம்மா, பட்டியல் வந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு நல்லா சிரிச்சேன். லிஃப்ட்காரர், பெரியவர்... இதெல்லாம் கடையில போய்க் கேட்டா குடுப்பாங்களா?”

“ஐயோ, மன்னிச்சுடுங்க மேடம். பேரெல்லாம் தப்பா வந்துடுச்சு. அரை மணி நேரத்துல சரி பண்ணி அனுப்பிடறேன்.”

“அது கெடக்கட்டும். எனக்கு வேற ஒரு விஷயம். தரைக்கு அத்தைன்னு ஒண்ணு போட்டிருக்கே. பளபளப்பு சைபர். நான் கண்ணாடி மாதிரி தரை வேணும்னுதானே சொன்னேன்? படத்துல பாத்தா மண்ணு மாதிரி இருக்கு. மாத்திடு.”

சின்னவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாத்தறேன் மேடம். ஆனா மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்.” அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. “எங்க அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆச்சு. எங்க வீட்டுத் தரை நீங்க கேக்கற மாதிரிதான், பளபளன்னு இருக்கும். சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் தரையில விழும். அது வெளிச்சமா, யாராச்சும் தண்ணி கொட்டி வச்சிருக்காங்களான்னு தெரியாம அவங்க நடு ஹால்ல நின்னுடுவாங்க. கூப்பிட மாட்டாங்க. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பாங்க. நான் தலையை நிமிர்த்திப் பாத்தாதான் தெரியும்.”

அத்தையின் கை துணி மேல் நின்றுவிட்டது.

“அதுக்கப்புறம் எந்தத் தரையைப் பாத்தாலும், இதுல அத்தை நடப்பாங்களான்னுதான் மேடம் எனக்குத் தோணுது. ஒரு மாசம் தேடினேன். வெளிச்சம் பட்டா திருப்பி அடிக்கக் கூடாது, ஈரமானாலும் கால் வழுக்கக் கூடாது. பாத்ததும் நம்பிக் கால் வைக்கணும். அப்படி ஒரு தரைக்கல்லைக் கடையில கண்டுபிடிச்சு, கம்ப்யூட்டர்ல நானே உண்டாக்கினேன். இந்த மூணு மாசத்துல நான் செஞ்ச எல்லா இடத்துக்கும் அதேதான். ஸ்கூல், பேங்க், எல்லாத்துக்கும். உங்க க்ளினிக்குக்கு யாரு மேடம் அதிகம் வருவாங்க?”

“பல்செட் கட்டிக்க வர்றவங்க” என்றாள் டாக்டரம்மா. “பாதிப் பேர் எழுபது வயசுக்கு மேல.” பிறகு, “சரி, அதையே போடு. அதோட கடைப் பேரு மட்டும் அனுப்பு” என்று வைத்துவிட்டாள்.

“வாங்க” என்று அத்தையின் கையைப் பிடித்து எழுப்பினாள் சின்னவள். “வந்து பாருங்க.”

கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். திரையில் பல் டாக்டரின் கூடம். காலை வெயில், இருபத்து நாலு நாற்காலி, பழுப்புத் தரை. ‘அத்தை’ என்று பெயருள்ள மெட்டீரியலைச் சின்னவள் திறந்து, பளபளப்பைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றினாள். இருபது, நாற்பது, எழுபது, தொண்ணூறு. தரையில் ஜன்னல் நீளமாக விழுந்தது. நாற்காலிகள் தலைகீழாகத் தெரிந்தன. எங்கே தரை முடிகிறது என்றே தெரியவில்லை.

அத்தையின் கை தானாகப் போய் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

சின்னவள் அதைப் பார்த்தாள். சட்டென்று பூஜ்யத்துக்கு இறக்கினாள். தரை திரும்பி வந்தது. கை விளிம்பை விட்டது.

“படம்தானே” என்றாள் அத்தை, வெட்கத்தோடு.

“படம்தான்.”

“சரி, பளபளப்புக்குக் காரணம் சொல்லிட்டே. சொரசொரப்பு எண்பத்தஞ்சு?”

“கால் பிடிக்கணும்ல அத்தை.”

“எழுபது வச்சா பிடிக்காதா?”

“பிடிக்கும். ஆனா மழை நாள்ல ஈரச் செருப்போட வருவாங்க.”

“எழுபத்தஞ்சு வை. எண்பத்தஞ்சுங்கறது கொஞ்சம் அநியாயம்.”

“எண்பது.”

“சரி, எண்பது. அந்தப் பளபளப்பையும் ஒரு அஞ்சுக்கு ஏத்து. ஒரு மனுஷிக்கு அஞ்சு கூடவா இல்ல?”

சின்னவள் சிரித்துக்கொண்டே ஐந்து வைத்தாள். தரையில் ஜன்னல் இருக்கும் இடம் லேசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள்.

“எல்லாருக்கும் குறிப்பு எழுதியிருக்கே. எனக்கு ஏன் காலியா விட்டே?”

“எழுதி எழுதி அழிச்சேன் அத்தை. உங்களைப் பத்தி வேடிக்கையா எழுத வரல.”

அத்தை மூக்கை உறிஞ்சினாள். சளி பிடித்திருக்கிறது என்று நாமும் வைத்துக்கொள்வோம்.

“அப்ப அண்ணனுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறீங்களா?” என்று கேட்டாள் சின்னவள். எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பில்.

“இந்தத் தாளைப் பாத்து வருத்தமாத்தான் இருந்துச்சு. இல்லேங்கல. ஆனா போறதுன்னு முடிவு பண்ணினது இதைப் பாத்து இல்ல.” அத்தை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். “நேத்து அவன் கேட்டப்ப நீங்க ரெண்டு பேரும் என் பக்கத்துலதான் நின்னீங்க. நான் உடனே பதில் சொல்லாம உங்க வாயைத்தான் பாத்துட்டிருந்தேன். போகாதேன்னு ஒரு வார்த்தை வரும்னு. வரல. ஊர்ல இருக்கற தரைக்கெல்லாம் என் பேரை வச்சிருக்கே. எங்கிட்ட ஒரு தடவை, இருங்கன்னு சொன்னியா?”

சின்னவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அழுதுவிட்டாள். மேஜை மேல் இருந்த பட்டியலை எடுத்து அத்தை அவள் பக்கம் விசிற, அது அழுகைக்கு என்ன உதவி செய்யும் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

“இருங்க அத்தை. போகாதீங்க. நீங்க கஷ்டப்படுவீங்களோன்னுதான் நான் கேக்கல. எனக்கு நீங்க இங்க இருக்கணும். எனக்காகத்தான் சொல்றேன். இருந்துடுங்க.”

“இதைச் சொல்ல நாலு மாசமா?” என்று அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள் அத்தை. அப்புறம் அதே கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். “போனைக் குடு. அவன் ஏற்கெனவே பெருமை அடிச்சுக்கிட்டிருப்பான். இப்பவே சொல்லிடலாம்.”

மணி எத்தனை ஆகிறது என்று பார்க்காமல் அப்படியே ஸ்பீக்கரில் போட்டாள். பெரியவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

“டேய், கோவிச்சுக்காதே. நாளைக்கு நீ வர வேண்டாம். நான் இங்கயே இருந்துடலாம்னு நெனைக்கிறேன்.”

பதில் இல்லை.

“கேக்குதா? உன் ரூமை எப்பவாச்சும் வந்து பாத்துக்கறேன். என்னடா?”

“அம்மா” என்றான். மூச்சு மட்டும் கேட்டது. “அம்மா, எனக்கு வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சும்மா.”

அத்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“என் பொண்டாட்டிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. காலைல டை கட்டிக்கிட்டுக் கிளம்பறேன். அவ ஆபீஸ் போனதும் திரும்பி வந்து அந்தக் கீழ் ரூம்லதான் உக்காந்திருக்கேன். சும்மா உக்கார முடியாம நானே பெயிண்ட் அடிச்சேன்மா. நீ வந்தா உங்கிட்டயாவது சொல்லலாம்னு...” அவன் குரல் உடைந்துவிட்டது. ஐம்பது வயதை நெருங்குகிற மனிதன், தலைவர் மாதிரிப் பேசுகிறவன், கடைக்குட்டி மாதிரி அழுதான்.

சின்னவள் எழுந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தாள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமே என்று. அத்தை கையை நீட்டி அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சாப்பிட்டியாடா?”

“இல்லம்மா.”

“மொதல்ல எழுந்து போய் ஏதாச்சும் சாப்பிடு. நாளைக்குச் சாயங்காலம் வேண்டாம். காலைலயே வந்துடு.”

“நீ வர்றியாம்மா?”

அத்தை மருமகளைப் பார்த்தாள். நாலு மாதம் காத்திருந்து கிடைத்த ஒரு வார்த்தை. அதற்கு ஆயுள் பத்து நிமிஷம் கூட ஆகவில்லை.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனில் கேட்காத குரலில், “போயிட்டு வாங்க அத்தை” என்றாள். “ஆனா வந்துடணும்.”

“வர்றேன்டா” என்றாள் அத்தை போனில்.

போனை வைத்த பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டீ போடும் நேரம் தாண்டிவிட்டது. யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. மெல்ல அத்தைதான் ஆரம்பித்தாள். எத்தனை நாள் அங்கே இருப்பது, பெரியவன் மனைவிக்கு என்ன சொல்லித் தெரியப்படுத்துவது, அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மருமகளிடம் இப்படி அவள் யோசனை கேட்டதே இல்லை.

வாசல் மணி அடித்தது. தொடர்ந்து இரண்டு முறை, பொறுமை இல்லாமல். லிஃப்ட்காரன்தான். வீட்டில் என்னவோ நடக்கிறது என்று வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான்.

சின்னவள் எழுந்தாள். அத்தை அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணன் விஷயத்தை இவன்கிட்ட இப்ப சொல்லாதே. ரெண்டு நாள் ஆகட்டும். அதுவரைக்கும் நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.”

சின்னவள் தலையாட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.